தலைக்குப் பூசும் மருந்து எத்தனை நாளில் பலன் தரும்?



சம்பளம் போட்ட வாரம் வந்துவிட்டால் தோட்டத்துக் கிளினிக்குக்கு ஒரு கேள்வி தவறாமல் வந்து சேரும். கையில் ஒரு போத்தலை நீட்டி, "ஐயா, இதைப் பூசினா எத்தனை நாளிலே முடி முளைக்கும்?" என்று கேட்பார்கள். பாசார் மாலாமில் வாங்கியதாக இருக்கும், இல்லாவிட்டால் கைப்பேசியில் விளம்பரம் பார்த்துத் தபாலில் வரவழைத்ததாக இருக்கும். போத்தலின் மேலே '30 நாளில் பலன்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும்.

கேட்கிறவர்களில் இருபது வயதுப் பையனும் உண்டு. பெண் பார்க்க வருகிறார்கள் என்று மகளைக் கூட்டிக்கொண்டு வரும் தாயும் உண்டு. முடிக்காக இவ்வளவு கவலையா என்று நான் யாரையும் கேலி செய்வதில்லை. வெயிலிலும் மழையிலும் உழைக்கிற மனிதருக்கும் கண்ணாடி முன்னே நிற்கும்போது மனம் நோகத்தான் செய்யும். ஆனால் அந்தக் கவலையைக் காசாக்கும் கூட்டம் ஒன்று இருக்கிறது. அதனால்தான் இந்த மாதம் இதைப் பற்றி விவரமாக எழுதுகிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வழுக்கையில் 30 நாளில் முடி முளைக்க வைக்கும் பூச்சு மருந்து எதுவும் இல்லை. நல்ல மருந்தாக இருந்தாலும் குறைந்தது நான்கு மாதம் கழித்துத்தான் கண்ணுக்குத் தெரியும். முழுப் பலனும் தெரிய ஒரு வருடம் ஆகலாம். சில வகை முடி உதிர்வுக்கு மருந்தே வேண்டியதில்லை. இன்னும் சில வகைக்குப் பூச்சு மட்டும் போதாது. இந்தக் கணக்கு தெரிந்துவிட்டால் உங்களை யாரும் ஏமாற்ற முடியாது.

முடிக்கும் பருவம் உண்டு

ரப்பர் மரத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். வருடத்தின் முதல் மாதங்களில் மரம் இலையை உதிர்க்கும், பாலும் குறையும். மரம் செத்துப் போயிற்று என்று யாராவது அழுவோமா? கொஞ்ச நாளில் தளிர் விடும் என்று நமக்குத் தெரியும்.

தலைமுடியும் அப்படித்தான், ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ரப்பர் காட்டில் மரங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இலை உதிர்க்கும். தலையில் இருப்பதோ சுமார் 1 லட்சம் முடி. ஒவ்வொரு முடிக்கும் தனித்தனிப் பருவம். ஒரு முடி 2 முதல் 6 வருடம் வரை வளரும். பிறகு இரண்டு மூன்று வாரத்தில் வளர்ச்சி நிற்கும். அதற்கப்புறம் சுமார் 3 மாதம் சும்மா ஓய்வில் இருந்துவிட்டு உதிரும். அதே வேர்க்காலிலிருந்து புது முடி கிளம்பும்.

அதனால் தினமும் 50 முதல் 100 முடி வரை உதிர்வது சாதாரணம். சீப்பில் பத்து முடியைப் பார்த்து பயப்பட வேண்டாம்.

இன்னொரு கணக்கையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முடி ஒரு மாதத்தில் வளர்வது சுமார் 1 சென்டிமீட்டர்தான். இடுப்பு வரை தொங்குகிற சடை ஐந்தாறு வருட விளைச்சல். இன்று வேரில் புது முடி கிளம்பினாலும், அது கண்ணுக்குத் தெரிந்து, சீப்புக்கு அகப்பட மாதக்கணக்கில் ஆகும். செம்பனைக்கு உரம் போட்ட மறுவாரமே குலை வெட்டக் கத்தியைத் தூக்கிக்கொண்டு போவோமா?

மூன்று மாதத்துக்கு முன் என்ன நடந்தது?

முடி கொட்டுது என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: "மூணு மாசத்துக்கு முன்னே உடம்புக்கு என்ன வந்துச்சு?"

டிங்கிக் காய்ச்சல், பெரிய ஆபரேஷன், பேறுகாலம், திடீரென்று உடல் இளைப்பது, வீட்டில் சாவு போன்ற பெரிய அதிர்ச்சி ஆகியவை உடம்பை உலுக்கும்போது, வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் பல ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும். ஓய்வுக் காலம் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்து அவை கூட்டமாக உதிரும். காய்ச்சல் மறந்தே போயிருக்கும். அப்போது கை வைத்தால் கொத்துக் கொத்தாக முடி வரும். குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் தாய்க்கு முடி கொட்டும் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். குழந்தையின் சிரிப்பு காரணமல்ல. ஆனால் பிரசவத்துக்குப் பின் இரண்டு மூன்று மாதம் என்ற அவர்களுடைய கணக்கு சரிதான்.

இந்த உதிர்வுக்குப் பூச்சு மருந்து தேவையில்லை. வேர்க்கால் சாகவில்லை. பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் உதிர்வது தானாகவே அடங்கும். பழைய அடர்த்தி வர ஒரு வருடமோ அதற்கு மேலுமோ ஆகலாம். நல்ல சாப்பாடும் பொறுமையும்தான் வேண்டும்.

இதில் ஏமாற்று எப்படி நடக்கிறது பாருங்கள். டிங்கி வந்த பெண்ணுக்கு மூன்றாம் மாதம் முடி கொட்டுகிறது. பதறிப்போய் நாலாம் மாதம் ஒரு எண்ணெய் வாங்குகிறார். ஏழாம் மாதம் உதிர்வது நிற்கிறது. இயற்கை செய்த வேலைக்கு எண்ணெய்க்குப் பேர் கிடைக்கிறது. அவர் பக்கத்து வீட்டுக்குச் சொல்ல, பக்கத்து வீடு ஊருக்குச் சொல்கிறது. ஒவ்வொரு எண்ணெய்க்கும் இப்படி நாலு சாட்சி கிடைத்துவிடும். சாட்சி சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு மாதக் கணக்கு தெரியாது, அவ்வளவுதான்.

ஆறு மாதத்துக்கு மேலும் கொட்டிக்கொண்டே இருந்தாலோ, கூடவே அசதி, மூச்சு வாங்குதல், மாதவிலக்கில் அதிக ரத்தப்போக்கு, கழுத்தில் வீக்கம், காரணமில்லாமல் உடல் பருமன் கூடுதல் போன்றவை இருந்தாலோ, ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். இரும்புச் சத்துக் குறைவும் தைராய்டுக் கோளாறும் முடியைக் கொட்ட வைக்கும். அதற்கு மருந்து உள்ளே போக வேண்டுமே தவிர, தலைக்கு மேலே பூசிப் பயனில்லை. இரும்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தேத்தண்ணீரோடு சேர்த்து விழுங்காதீர்கள். தேநீர் இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும்.

வழுக்கைக்குப் பூசும் மருந்து

ஆண்களுக்கு நெற்றி ஓரமும் உச்சியும் மெல்ல மெல்ல வெறிச்சோடுவதும், பெண்களுக்கு வகிடு அகலமாகிக்கொண்டே போவதும் வேறு வகை. இது பரம்பரையாக வருவது. வேர்க்கால் வருடா வருடம் சுருங்கி, முடி நூலாக மெலிந்துபோகும்.

இதற்குப் பூசும் மருந்தில் நன்றாகச் சோதிக்கப்பட்டது மினோக்சிடில். இது முதலில் ரத்த அழுத்தத்துக்கான மாத்திரை. அமெரிக்காவில் 1979-ல் அந்த மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. அதை விழுங்கிய நோயாளிகளுக்கு உடம்பிலும் முகத்திலும் முடி வளர்வதைக் கண்டு, தலைக்குப் பூசும் திரவமாகச் செய்தார்கள். அங்கே 1988-ல் ஆண்களுக்கும் 1991-ல் பெண்களுக்கும் அது அனுமதிக்கப்பட்டது.

இதைப் பூச ஆரம்பித்தால் நடப்பது இதுதான்:

முதல் இரண்டு வாரம்: ஒன்றும் தெரியாது. சிலருக்குத் தலை லேசாக அரிக்கும்.

2 முதல் 8 வாரம்: முடி முன்னைவிட அதிகமாகக் கொட்டலாம்! பாதிப் பேர் இங்கேதான் போத்தலைத் தூக்கி எறிகிறார்கள். புது முடி கிளம்பும்போது ஓய்வில் இருந்த பழைய முடியைத் தள்ளிவிடுகிறது. தளிர் வருவதற்கு முன் பழுத்த இலை விழுகிற மாதிரி. சில வாரத்தில் அடங்கும். அடங்காவிட்டால் வந்து காட்டுங்கள்.

2 முதல் 4 மாதம்: உதிர்வது குறையும். சிலருக்குக் குழந்தை முடி போல மெல்லிய பூனைமயிர் தெரியும்.

4 முதல் 6 மாதம்: பலன் தருகிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் காலம் இது. பூனைமயிர் கறுத்துத் தடிக்கத் தொடங்கும்.

12 மாதம்: கிடைக்கிற பலன் பெரும்பாலும் முழுதாகத் தெரிந்துவிடும்.

ஒழுங்காகப் பூசி நாலு மாதத்தில் அசைவே இல்லை என்றால் டாக்டரிடமோ பார்மசிஸ்டிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள். ஆறு மாதம் வரை, சிலருக்கு அதற்கு மேலும் பார்க்கலாம் என்பார்கள். அதற்கப்புறமும் ஒன்றுமில்லை என்றால் அந்தக் காசை வேறு நல்ல செலவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

பலன் கண்ணாடியில் தினமும் தெரியாது. மாதம் ஒரு தடவை, அதே இடத்தில், அதே வெளிச்சத்தில், உச்சந்தலையைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். நாலாவது படத்தை முதல் படத்தோடு வைத்துப் பாருங்கள். உண்மை தெரிந்துவிடும்.

எல்லாருக்கும் இது கேட்காது. உச்சியில் கேட்கிற அளவுக்கு நெற்றி ஓரத்தில் கேட்காது. பத்துப் பதினைந்து வருடமாக வழவழவென்று இருக்கும் வழுக்கையில் முளைப்பது அரிது. இப்போதுதான் மெலிகிறது என்கிறவர்களுக்கே அதிக நம்பிக்கை. பலருக்குப் புதிதாக முளைப்பதைவிட இருப்பது நிலைப்பதே பெரிய லாபம்.

தொடங்கும் முன் செலவைக் கணக்குப் போடுங்கள்

வழக்கமான அளவு ஒரு வேளைக்கு 1 மில்லிலீட்டர், நாளுக்கு இரண்டு வேளை. 60 மில்லி போத்தல் சரியாக 30 நாளைக்கு வரும். வருடத்துக்கு 12 போத்தல். ஒரு போத்தலின் விலையைப் பன்னிரண்டால் பெருக்கிப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள்.

அதோடு முடியவில்லை. மருந்தை நிறுத்தினால், அதனால் கிடைத்த முடி மூன்று நாலு மாதத்தில் உதிர்ந்து, மருந்து போடாமலே இருந்திருந்தால் எப்படி இருக்குமோ அந்த நிலைக்கு வந்துவிடும். அதனால் இது ஒரு மாதம் போட்டுப் பார்த்துவிட்டு விடுகிற மருந்தல்ல. பிள்ளைகளின் பள்ளிச் செலவில் கைவைத்து ஒரு போத்தல் வாங்கி, அடுத்த மாதம் காசில்லை என்று விட்டுவிடுவதாக இருந்தால், வாங்காமலே இருப்பது நல்லது. வழுக்கை உயிருக்கு ஆபத்தான நோயல்ல. வேண்டாம் என்று முடிவெடுப்பதும் நல்ல முடிவுதான்.

பூசும் முறை

தலையும் முடியும் காய்ந்திருக்க வேண்டும். முடியை விலக்கி, தோலில் படும்படி பூச வேண்டும். முடியில் தடவினால் வீண். இரண்டு மடங்கு பூசினால் இரண்டு மடங்கு முளைக்காது, உடம்புக்குத்தான் கெடுதல்.

பெரட்டுக்குப் போகிறவர்கள் எழுந்தவுடன் பூசி, காய்ந்த பிறகு தலைத்துணி கட்டுங்கள். நாலு மணி நேரமாவது தண்ணீர் படக்கூடாது. வேலை முடிந்து வந்து குளிக்கலாம். இரவில் படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே பூசிவிடுங்கள். இல்லாவிட்டால் தலையணைதான் மருந்தைக் குடிக்கும். இந்தத் திரவத்தில் சாராயச் சத்து இருக்கிறது. காயும் வரை அடுப்பு, சிகரெட், சாமி விளக்கு எதன் பக்கமும் போகாதீர்கள். பூசிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

போத்தலைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். குழந்தை குடித்துவிட்டால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வீட்டில் பூனை வளர்த்தால் ஜாக்கிரதை. இந்த மருந்து கொஞ்சம் உடம்பில் பட்டு நக்கினாலும் பூனைக்கு விஷம்.

கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் 18 வயதுக்குக் கீழுள்ளவர்களும் இதைப் பூசக் கூடாது. இருதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். நெஞ்சு படபடப்பு, மயக்கம், கை கால் வீக்கம் கண்டால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். நெஞ்சு வலித்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

புழுவெட்டும் படர்தாமரையும்

காசளவு வட்டமாக, வழவழவென்று முடி போவது புழுவெட்டு. பேர் அப்படியிருந்தாலும் புழுவோ பூச்சியோ கடிப்பதில்லை. நம் உடம்பின் காவல் சக்தி தவறிப்போய் வேர்க்காலையே தாக்குவதால் வருவது. ஒட்டாது. சின்ன வட்டமாக ஒன்றிரண்டு இருந்தால் பலருக்கு ஒரு வருடத்துக்குள் தானாகவே முளைத்துவிடும். சின்ன வெங்காயத்துக்குக் கிடைத்த புகழில் பெரும் பங்கு இதனால்தான். டாக்டர் கொடுக்கும் ஸ்டீராய்டுப் பூச்சுக்கு மூன்று மாதமாவது காத்திருக்க வேண்டும். நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு தடவை அந்த இடத்தில் ஊசி போடுவதும் உண்டு. வட்டம் பெருகிக்கொண்டே போனால் தாமதிக்காதீர்கள்.

பள்ளிப் பிள்ளைகளின் தலையில் செதில் செதிலாக, முடி ஒடிந்து, அரிப்போடு வட்டம் வந்தால் அது பெரும்பாலும் படர்தாமரை. இது காளானால் வருவது, ஒட்டிக்கொள்ளும். இங்கேதான் பெற்றோர் அதிகக் கவனமாக இருக்க வேண்டும். காளான் வேர்க்காலுக்குள் இருப்பதால் பூச்சு மட்டும் போதாது. டாக்டர் எழுதிக்கொடுக்கும் மருந்தை ஆறு முதல் எட்டு வாரம் வரை உள்ளுக்குச் சாப்பிட வேண்டியிருக்கும். எண்ணெய் தடவித் தடவி மாதங்களை ஓட்டினால் சீழ் வைத்து, தழும்பாகி, அந்த இடத்தில் பிள்ளைக்குப் பிறகு முடியே முளைக்காமல் போகலாம். சீப்பு, துண்டு, தொப்பி எதையும் மாற்றிப் போடாதீர்கள். கூடப் பிறந்தவர்களின் தலையையும், வீட்டுப் பூனையையும் பாருங்கள்.

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான். '30 நாள்' போத்தலின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது

நம் நாட்டில் பதிவு செய்யப்பட்ட மருந்தின் பெட்டியில் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். ஹோலோகிராம் லேபலும் ஒட்டியிருக்கும். தலைக்குப் பூசும் மினோக்சிடில் வாங்கும்போது இரண்டையும் பாருங்கள். அழகுப் பொருளில் மினோக்சிடில் கலக்கவே அனுமதி கிடையாது. 'எல்லாம் மூலிகை' என்று சொல்லிக்கொண்டு இரண்டே வாரத்தில் மாயம் காட்டும் போத்தலில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? பேர் தெரியாத பொருளைத் தலையில் ஊற்றாதீர்கள்.

அடிக்கடி கேட்பவை

"ஹெல்மெட் போட்டா வழுக்கை விழுமா?" விழாது. வியர்வையும் அழுக்கும் சேர்ந்தால் அரிப்பு வரலாம். உள்துணியைத் துவைத்துக் காய வையுங்கள். முடிக்குப் பயந்து ஹெல்மெட்டைக் கழற்றினால் தலையே போய்விடும்.

"மொட்டை அடிச்சா அடர்த்தியா வளருமா?" வளராது. வெட்டுப்பட்ட நுனி மொட்டையாக இருப்பதால் தடிப்பாகத் தெரியும். வேர் மாறுவதில்லை. நேர்த்திக்கடனுக்கு மொட்டை போடுங்கள், வழுக்கைக்காகப் போடாதீர்கள்.

"தேங்காயெண்ணெய் வேண்டாமா?" தாராளமாகப் பூசுங்கள். முடி ஒடியாமல் காக்கும். புது முடி முளைக்க வைக்காது.

"பொடுகு ஷாம்பு எத்தனை நாள்?" கீட்டோகோனசோல் ஷாம்பு வாரம் இரண்டு தடவை, இரண்டு முதல் நாலு வாரம். நுரையைச் சில நிமிடம் தலையில் விட்டு அலச வேண்டும்.

"இறுக்கிச் சடை போட்டா முடி போகுமா?" போகும். நெற்றி ஓரத்திலே முதலில் தெரியும். சீக்கிரம் தளர்த்தினால் திரும்ப முளைக்கும். வருடக்கணக்கில் இழுத்துக் கட்டினால் திரும்பாது. சின்னப் பெண்பிள்ளைகளின் தாய்மார் இதைக் கவனியுங்கள்.

முடிவாக

முடி கொட்டினால் கடைக்கு ஓடுவதற்கு முன் மூன்று விஷயங்களைச் செய்யுங்கள். மூன்று மாதத்துக்கு முன் உடம்புக்கு என்ன வந்தது என்று யோசியுங்கள். எப்படிக் கொட்டுகிறது, பரவலாகவா, வட்டமாகவா, மெல்ல மெல்ல வகிடு அகலுகிறதா என்று பாருங்கள். பிறகு தோட்டத்துக் கிளினிக்கிலோ அரசாங்கக் கிளினிக்கிலோ தலையைக் காட்டுங்கள். மருந்து தேவை என்று தெரிந்தால், நாலு மாதம் பொறுக்க மனமும் வருடம் முழுவதும் வாங்கக் காசும் இருக்கிறதா என்று உங்களையே கேட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள். அவசரப்படுகிறவனிடம்தான் வியாபாரி பொய் விற்க முடியும்.

அடுத்த இதழில், சர்க்கரை வியாதி உள்ளவர்கள் பூட்ஸ் போட்டு வேலை செய்யும்போது பாதங்களைக் காப்பாற்றிக்கொள்வது எப்படி என்று பார்ப்போம்.